ரெண்டு பட்டன் மேசை

தூக்குவது என்று வந்துவிட்டால் முனிராஜுக்கு ஈடான ஆள் கிடையாது. ஓசூரில் கிடையாது, பாகலூரில் கிடையாது, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கிடையாது, அங்கிருந்து பெங்களூர் வரைக்கும் வரிசைகட்டி நிற்கிற கிரேன்கள் எல்லாம் ஒன்றுகூடி வந்தாலும் கிடையாது. அவர் தன் வீட்டு ஷெட்டில் கட்டிய மேசைமேல் சந்திரசூடேஸ்வரர் மலையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தால், கோயில் விளக்கு அணையாமல், படியேறுகிற ஒரு பக்தருக்குக்கூடக் கால் இடறாமல், மலை இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். அடியில் எங்கேயாவது ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கிவிடலாம்.

இப்பேர்ப்பட்ட முனிராஜால் தூக்க முடியாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முனிராஜ்.

தரையில் உட்காருவதில் அவருக்குக் குறை இல்லை. எழுவதுதான் வராது. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். தகட்டை அச்சில் வைப்பார், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்துவார், மேலேயிருந்து அச்சு ‘டம்’மென்று இறங்கும், தகடு கார் கதவுக்கான கொண்டியாகி வெளியே விழும். தகட்டுக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி ஒருநாள் இடுப்பில் டிஸ்க் நழுவியது. கம்பெனியில் முதலில் லைட் டூட்டி கொடுத்தார்கள். அப்புறம் டூட்டியே கொடுக்கவில்லை.

வீட்டோரம் நாலு தகரத்தை நிறுத்தி பைக் ரிப்பேர் ஆரம்பித்தார். கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் தேன்கனிக்கோட்டையில் கற்ற தொழில், கை மறக்கவில்லை. ஆனால் பைக் என்பது அடியில்தான் பழுதாகும். செயின், ஸ்டாண்டு, ஆயில் நட்டு, எல்லாமே முழங்காலுக்குக் கீழே. உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் எழ ஆரம்பிப்பார். முதலில் ஒரு கை வண்டிச் சீட்டில். பிறகு ஒரு முழங்கால். பிறகு கடவுள்.

அந்த விஷயத்தில் அவருக்கு ஓர் அதிசயமான அதிர்ஷ்டம் இருந்தது. எப்போதெல்லாம் பாதியில் மாட்டிக்கொள்கிறாரோ, அப்போதெல்லாம் யாராவது ஒருவர் தற்செயலாக உள்ளே வருவார். பக்கத்து வீட்டு நாகம்மாள் கறிவேப்பிலை பறிக்க வருவாள்; வந்தவள், “இது என்னா வழியில கெடக்குது” என்று ஸ்டூலை இழுத்து அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் போட்டுவிட்டுப் போவாள். எதிர் போர்ஷன் மணிவேல் காற்றடிக்கும் பம்பு கேட்டு வருவான். “என்னாண்ணா கையெல்லாம் கிரீஸு” என்று கையைப் பிடித்துப் பார்ப்பான், பிடித்த கையில் முனிராஜ் எழுந்துவிடுவார். ஆகவே தன் இடுப்பின் நிலைமை தனக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று அவர் உறுதியாக நம்பினார்.

மனைவி சுமலதாவுக்கு மட்டும் லேசான சந்தேகம். அவள் கம்பெனி பஸ்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய் வருகிறவள். ஒருநாள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“ஏங்க, நம்ம விமல்ராஜு வேலை பாக்கற அபார்ட்மெண்டுல செக்யூரிட்டிக்கு ஆள் கேக்கறாங்களாம். சேர் போட்டுக் குடுத்துருவாங்க. சும்மா குந்தியிருந்தா போதும். காரு வந்தா எந்திரிச்சி ஒரு சல்யூட்டு.”

“உன் தம்பி அடிக்கட்டும் சல்யூட்டு. எனக்குத் தொழில் இருக்குது.”

“தொழில் இருக்குது. இடுப்பு இருக்குதா?”

முனிராஜ் மார்பைத் தட்டினார். “ஒரு மேசை கட்றேன் பாரு. வண்டி மேல வரும். நானு நின்னுகிட்டே வேலை பாப்பேன். ஒருத்தர் கையி எனக்கு வேணாம்.”

“கட்டுங்க. அது நிக்கலீன்னா விமல்ராஜுக்குப் போன் போடுவேன். அப்ப ஒரு பேச்சும் பேசக்கூடாது.”

“பேசமாட்டேன்.”

இப்படித்தான் அந்த மேசைமேல் ஒரு புல்லட் ஏறுவதற்கு முன்பே முனிராஜின் மிச்ச வாழ்க்கை ஏறி உட்கார்ந்துகொண்டது.

பழைய இரும்புக் கடையில் சேனல் வாங்கினார், சதுரக் குழாய் வாங்கினார், மேலே போட கால் வழுக்காத புள்ளித் தகடு வாங்கினார். எந்தக் கம்பெனியோ கழித்துப்போட்ட ஒரு ஹைட்ராலிக் மோட்டார், எண்ணெய்த் தொட்டியோடு கிடைத்தது. கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மடங்குகிற கால்கள். அவை விரிந்தால் மேசை உயரும், மடங்கினால் இறங்கும். கனமான தகட்டை வெல்டிங்குக்கு நிமிர்த்த வேண்டிய நாளில் மணிவேல் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தான். கால்களை இணைக்கிற இரும்பு முளையை அடித்து இறக்க வேண்டிய நாளில் நாகம்மாளின் வீட்டுக்காரர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். நல்ல தெரு.

தெருவில் ஒரே ஒரு கெட்டது உண்டு என்றால் அது முனிராஜின் மகள் ஜோதிமணி. ப்ளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பதினெட்டு ஆனதும் கம்பெனிக்குப் போகலாம் என்று வீட்டில் காத்திருந்தவள். அது வரைக்கும் பொழுது போகவேண்டுமே. அம்மாவின் போனுக்கு பிரஸ் ஷாப் சங்குச் சத்தத்தை ரிங்டோனாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த முனிராஜ் துள்ளி எழுந்து ஷூவைத் தேடினார். ஷூ இல்லை என்பது ஞாபகம் வந்து கட்டிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அந்தச் சங்கு போனில் இல்லை. யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மேசை பாதி முடிந்திருந்தபோது அதைப் படம் பிடித்து ‘திருமண மேடை வாடகைக்கு’ என்று அப்பா நம்பரோடு ஸ்டேட்டஸ் போட்டாள். கெலமங்கலத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்.

“மேடை உங்களுதுங்களா? எத்தினி பேரு நிக்கலாம்?”

தன் புகழ் கெலமங்கலம் வரைக்கும் போய்விட்டதே என்று முனிராஜுக்கு ஒரே பூரிப்பு. “ஆளு கணக்கு பாக்கலீங்க. ஒரு புல்லட்டு நிக்கும்.”

“மாப்பிள்ள புல்லட்டுலயா வர்றாரு?”

“யாரு வந்தாலும் தூக்கிருவோம்ங்க.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

கடைசியாக பட்டன். இங்கேதான் அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. முனிராஜ் மேசையிலிருந்து தள்ளி ஒரு கம்பத்தை நட்டு, அதில் பிரஸ் ஷாப்பில் இருந்த மாதிரியே பெட்டியை மாட்டினார். பெட்டியில் இரண்டு பச்சைப் பட்டன்கள், நடுவே இரண்டடி இடைவெளி. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேசை ஏறும். இறங்குவதற்கும் அப்படியே.

“ஒன்னு போதாதாப்பா?”

“ஒன்னு வெச்சா இன்னொரு கை சும்மா இருக்கும். சும்மா இருக்கற கையி எங்க போவும்? மிசினுக்குள்ள போவும். மோகன்குமாரைத் தெரியுமில்ல?”

தெரியும். அந்த வீட்டில் மோகன்குமாரைத் தெரியாத பல்லிகூடக் கிடையாது. பக்கத்து பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். சீக்கிரம் பீஸ் முடிக்க வேண்டுமென்று ஒரு பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டினார். இப்போது அவர் கும்பிட்டால் ஒரு கையில் மூன்று விரல் குறையும்.

“அது தகடுப்பா. அச்சுல வெச்சா அது பாட்டுக்குக் கெடக்கும். இது வண்டி. புடிச்சுக்க ஆள் வேணாமா?”

“பெல்ட்டு இருக்குது. முன் வீலுக்குக் கவ்வி இருக்குது. ஆள் எதுக்கு? ஆள் வேணாம்னுதான மேசையே.”

“சரி, உன் மேடை, உன் இஷ்டம்.”

“மேடைங்காத.”

வெள்ளோட்டத்துக்கு வந்தது சென்னகிருஷ்ணனின் புல்லட். பாகலூர்ப் பக்கம் குடைமிளகாய் போடுகிறவர். வண்டியின் சென்டர் ஸ்டாண்டில் ஒரு கால் உடைந்துவிட்டது, புதுசு மாட்ட வேண்டும். சாய்வுப் பலகையில் வண்டியை மேசைமேல் ஏற்றிவிட அவரே தோள் கொடுத்தார். முன் சக்கரம் கவ்வியில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பெல்ட்டை இழுத்து மாட்டினார்கள்.

“ஏனப்பா முனிராஜு, மேல ஏத்தி அங்கியே நிறுத்திராத. சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்.”

“நீங்க டீ குடிச்சிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வாங்கண்ணா. வண்டி ரெடியா இருக்கும்.”

ஷெட்டுப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று அன்று காலையிலேயே எல்லோருக்கும் தடை போட்டிருந்தார். சுமலதா ஷிப்டில். ஜோதி, சிநேகிதி பிரியதர்ஷினியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பியிருந்தாள். ஷெட்டில் முனிராஜும் புல்லட்டும் மட்டும்.

இரண்டு பட்டனையும் அழுத்தினார். மோட்டார் முனகியது. கால்கள் விரிந்தன. அந்தக் கனத்த வண்டி, ஒரு ஆட்டம் இல்லாமல், ஒரு கிறீச்சுச் சத்தம் இல்லாமல் மேலே வந்து இடுப்பு உயரத்தில் நின்றது. முனிராஜ் கையை எடுத்தார். மேசை அங்கேயே நின்றது. வாய்விட்டுச் சிரித்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனியாமலே செயினைத் தொட்டார், குனியாமலே ஸ்டாண்டைத் தொட்டார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

பிறகு ஸ்டாண்டின் போல்ட்டைக் கழற்றப் போனார். எதிர்ப்பக்கத்து பெல்ட் அதன்மேல் குறுக்கே ஓடியது. வண்டியின் மேல் சாய்ந்து கையை நீட்டி அதைக் கொஞ்சம் தளர்த்தினார்.

கொஞ்சம்தான். புல்லட் அவர் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

தோளைக் கொடுத்தார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில், டேங்க் தோளில். வண்டி நின்றது. இடுப்புக்குள் ஏதோ ஒன்று பட்டென்று விழித்துக்கொண்டது.

இனி என்ன? மேசையை இறக்கினால் தப்பிக்கலாம். இறக்க இரண்டு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்த இரண்டு கை வேண்டும். கை இரண்டும் வண்டியில் இருக்கிறது. கையை எடுத்தால் வண்டி விழும், வண்டி விழுந்தால் சென்னகிருஷ்ணன் வருவார், சென்னகிருஷ்ணனுக்குப் பின்னால் விமல்ராஜ் வருவான், விமல்ராஜின் கையில் ஒரு நாற்காலி இருக்கும். மோகன்குமாரின் விரலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தப் பெட்டி, இரண்டு பச்சைக் கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு காலை நீட்டிப் பார்த்தார். கட்டைவிரல் ஒரு பட்டனைத் தொட்டது. அடுத்த பட்டன் இரண்டடி தள்ளி. அந்த இரண்டடியை அளந்து வைத்தது அவரேதான்.

“ஜோதீ,” என்று கூப்பிட்டார். தெருவுக்குக் கேட்கக்கூடாது என்பதால் தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். “சுமா,” என்றார், அதைவிட மெல்ல. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

கடைசியில் வண்டியிடமே பேசினார்.

“விழுந்துராத தாயீ. உனக்குப் புண்ணியமாப் போவும். நீ விழுந்தீன்னா என்னைய கேட்டுல குந்த வெச்சிருவாங்க. நானு கண்ணாடி முன்னாடி நின்னு சல்யூட்டு அடிச்சுப் பாத்துட்டேன். கொசு வெரட்டற மாதிரி இருக்குது. எனக்கு அது வராது தாயீ. இந்த வேலைதான் வரும்.”

புல்லட் பதில் சொல்லவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் கனத்தது.

அப்போதுதான் அவருடைய அதிர்ஷ்டம் மறுபடியும் வேலை செய்தது. மணிவேல் வந்தான். நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிறவன். கன்னத்தில் பாயின் கோடு, சட்டை உள்வெளி மாறியிருந்தது, மூச்சு வாங்கியது.

“அண்ணா, பத்து பதினொன்னு ஸ்பேனர் இருக்குதுங்களா?”

முனிராஜ் முகத்தைச் சாதாரணமாக்கிக்கொள்ள முயன்றார். “இருக்கும் இருக்கும். சும்மாதான நிக்கற, இதைக் கொஞ்சம் புடி. தேடிக் குடுக்கறேன்.”

மணிவேல் தோளைக் கொடுத்தான். ஏன், எதற்கு, எவ்வளவு நேரமாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முனிராஜ் மெதுவாகப் பெட்டிக்கு நடந்து இரண்டு பட்டனையும் அழுத்தினார். மேசை இறங்கியது.

“லோடு டெஸ்ட்டு,” என்றார் முனிராஜ், சுவரில் சாய்ந்துகொண்டே. “ஆளோட தோள்பட்டைக்கு எவ்ளோ வருதுன்னு பாத்தேன்.”

“பாத்தேங்கண்ணா. நல்லா வருது,” என்றான் மணிவேல். பெல்ட்டை இறுக்கிக் கொடுத்தான். ஸ்டாண்டு மாற்றி முடிகிறவரை தூக்கக் கலக்கத்தோடு கூடவே நின்றான். சென்னகிருஷ்ணன் வந்து வண்டியை உதைத்துப் பார்த்து, “பரவாயில்லையே!” என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார். சாயங்காலம் சுமலதா கேட்டாள். முனிராஜ் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார், “சக்சஸ். ஒருத்தர் கையி வேணாம்.” விமல்ராஜுக்குப் போன் போகவில்லை.

அடுத்து வந்த நாட்களில் மேசை பேர் வாங்கியது. பாகலூரிலிருந்து ஆட்கள் வண்டியைக் காட்ட வந்தார்கள். முனிராஜ் நின்றுகொண்டே வேலை பார்த்தார். எல்லாம் சரிதான், ஆனால் தகட்டின் ஓரத்தில் நிற்கிற பிசிறு மாதிரி ஒன்று அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மணிவேல் ஸ்பேனர் வாங்காமலே போய்விட்டான். அதுகூடப் பரவாயில்லை. மணிவேலிடம் வண்டியே கிடையாது. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். சைக்கிள்கூட இல்லாதவன் எதற்குக் காற்றடிக்கும் பம்பு கேட்டான்?

அந்த நூலைப் பிடித்து இழுத்ததும் மற்றதெல்லாம் கூடவே வந்தது. நாகம்மாள் வீட்டிலேயே இரண்டு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. நாகம்மாளின் வீட்டுக்காரர் வெயிலில் வெளியே வருகிற ஆளே இல்லை.

மறுநாள் முனிராஜ், ரிப்பேருக்கு வந்த வண்டியிலிருந்து பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றினார். ஷெட்டின் நடுவில், ஷெட்டைப் பார்த்திருக்கிற ஒரே ஜன்னலான சமையலறை ஜன்னலுக்கு முதுகு காட்டி, தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைக்கிறவர் மாதிரி மடியில் வைத்துச் சாய்த்துக்கொண்டார். பிறகு ஒரு கையை மேசையில் ஊன்றி, எழ முயன்று, முடியாமல், “அம்மா” என்று முனகினார்.

கண்ணாடிக்குள் சமையலறை ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் ஜோதியின் பாதி முகம் தெரிந்தது. அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. அவர் அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்ததே இல்லை. கட்டைவிரல் போனில் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் நாகம்மாள் வந்துவிட்டாள். கையில் கரண்டி இருந்தது, அடுப்பிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள்.

“கறிவேப்பிலை ரெண்டு கொத்து…”

“உங்க மரம் என்னாச்சுங்கக்கா?”

நாகம்மாள் கரண்டியைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். “பூச்சிப்பா. ஒரே பூச்சி,” என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

முனிராஜ் ஸ்டூலைத் தொடவில்லை. திரும்பாமலே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ஜோதீ!” என்றார். “ஜன்னலை விட்டு எறங்கி உள்ள வா.”

வந்து நின்றாள். போனை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

“எத்தினி நாளா நடக்குது இது?”

“எது?”

“கறிவேப்பிலை.”

“நாகம்மாக்காவுக்கு நம்ம மரந்தான் வாசமா இருக்குதாம். நானு என்ன பண்றது?”

“கையைக் குடு.”

ஒரு கையை நீட்டினாள்.

“ரெண்டு கையும். ஒரு கையி சும்மா இருந்தா போனுக்குப் போவுது.”

நடிப்பாக உட்கார்ந்தவருக்கு இப்போது நிஜமாகவே எழ முடியவில்லை. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முனிராஜ் முழங்காலுக்கு வந்தார், மேசை விளிம்புக்கு வந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகும் கையை விடவில்லை.

“ஸ்பேனரும் நீதான?”

“இல்லவே இல்ல. கறிவேப்பிலை மட்டும் நானு. அன்னிக்கி நானு பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். பிரியாவைக் கேட்டுக்க. நானு எதையும் பாக்கல, எதையும் கேக்கல.”

“சாமி சத்தியமா?”

“சாமி சத்தியமா. நம்பலீன்னா போ, மாமாகிட்டச் சொல்லி அந்த வேலைக்கே போய்க்க. என்ன, நீ சல்யூட்டு அடிச்சா கொசு வெரட்டற மாதிரி இருக்கும். காருல வர்றவங்க சிரிப்பாங்க, அவ்ளோதான்.”

முனிராஜ் அவள் முகத்தையே பார்த்தார். அவள் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.

“அதை நானு புல்லட்டுகிட்ட மட்டுந்தான் சொன்னேன்,” என்றார்.